எட்டு ஆண்டு காத்திருக்கும் வாக்கு: விஸ்கான்சின் செனட் தொகுதிகளின் கணக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவர் 2018 நவம்பரில் தம் மாநில செனட்டரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தார் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு அவர் வீடு மாறவில்லை. எந்தத் தேர்தலையும் தவறவிடவில்லை. ஆனாலும், இடைத்தேர்தல் எதுவும் வராவிட்டால், அவருடைய வாக்குச்சீட்டில் மாநில செனட்டர் பதவி மறுபடியும் இடம்பெறுவது 2026 இல்தான் என்ற நிலை ஏற்படக்கூடும். நான்கு ஆண்டுப் பதவிக்கு எட்டு ஆண்டு இடைவெளி. யாரும் விதியை மீறியதால் இது நேர்வதில்லை. தொகுதியின் எல்லைக்கோடும் தேர்தல் நாட்காட்டியும் வெவ்வேறு கணக்கில் நகர்வதால் நேர்கிறது.

இங்கே செனட் என்பது வாஷிங்டனில் கூடும் மேலவையைக் குறிக்காது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டமன்றம் உண்டு. நெப்ராஸ்கா நீங்கலாக மற்ற எல்லா மாநிலங்களிலும் அது ஈரவைகளாக இயங்குகிறது. மேலவைக்கு செனட் என்று பெயர். விஸ்கான்சினில் கீழவையான அசெம்பிளிக்கு 99 தொகுதிகளும் செனட்டுக்கு 33 தொகுதிகளும் இருக்கின்றன. அசெம்பிளி தொகுதி எதையும் பிளக்காமல், மூன்று மூன்றாகச் சேர்த்துத்தான் ஒரு செனட் தொகுதி அமைக்கப்படுகிறது. செனட் தொகுதியின் எண்ணை மூன்றால் பெருக்கினால் அதற்குள் அடங்கிய கடைசி அசெம்பிளி தொகுதியின் எண் கிடைத்துவிடும்: 16 ஆம் செனட் தொகுதி என்றால் 46, 47, 48. 2020 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகை 58,93,718. ஆகவே ஒரு செனட் தொகுதிக்குச் சராசரியாக 1,78,598 பேர்.

33 இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடப்பதில்லை. இரட்டைப்படை எண் கொண்ட 16 தொகுதிகள் அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டிலும், ஒற்றைப்படை எண் கொண்ட 17 தொகுதிகள் ஆளுநர் தேர்தல் நடக்கும் ஆண்டிலும் வாக்களிக்கின்றன. ஒரே அலையில் செனட் முழுவதும் மாறிவிடாமல் காப்பது இந்த ஏற்பாட்டின் பயன். வேட்பாளர் தம் தொகுதி வாக்காளர்களிடம் குறைந்தது 400 கையெழுத்துகள் திரட்ட வேண்டும். ஆகஸ்ட் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை கட்சிக்குள் முதல்நிலைத் தேர்தல், நவம்பரில் பொதுத் தேர்தல்.

எல்லைகள் நிலையாக இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் அவை நிலையாக இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். 1960களின் தொடக்கத்தில் அலபாமாவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஜெஃபர்சன் கவுண்டிக்கு (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஒரே ஒரு செனட்டர். 15,417 பேர் வாழ்ந்த லௌண்டஸ் கவுண்டிக்கும் ஒரு செனட்டர். ஒருவருடைய வாக்கு இன்னொருவருடைய வாக்கைப்போல் நாற்பது மடங்கு எடை பெற்றிருந்த இந்த நிலையை 1964 ஜூன் 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் முடிவுக்குக் கொண்டுவந்தது. மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகளே தவிர மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ பிரதிநிதிகள் அல்லர் என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். மக்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருப்பதால், பத்தாண்டுக்கொரு முறை கணக்கெடுப்பு முடிந்ததும் கோடுகளைத் திருத்தியே ஆக வேண்டும்.

இப்போது நம் வாக்காளரிடம் திரும்புவோம். 2018 இல் அவர் ஓர் ஒற்றைப்படைத் தொகுதியில் இருந்தார். அடுத்த முறை 2022. அந்த ஆண்டு ஏப்ரலில் உறுதியான புதிய வரைபடம் அவர் தெருவை ஓர் இரட்டைப்படைத் தொகுதிக்குள் தள்ளுகிறது. அங்கே தேர்தல் 2024 இல்தான். 2024 பிப்ரவரியில் வரைபடம் மறுபடியும் மாறி, அதே தெரு ஒற்றைப்படைத் தொகுதிக்குப் போனால், அடுத்த வாய்ப்பு 2026. எதிர்த்திசையில் நகர்த்தப்பட்டவருக்கோ 2020, 2022, 2024 என்று இரண்டு ஆண்டுக்கொரு முறை வாக்கு கிடைக்கும். ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் சமத்துவத்தை நிலத்தில் அவ்வளவு நுணுக்கமாக அளக்கும் முறை, அதைக் காலத்தில் அளக்காமல் விட்டுவிட்டது என்பதே இந்த அமைப்பின் பெரிய குறை என்று நான் கருதுகிறேன்.

இதைத் தவிர்க்க வழி இல்லாமல் இல்லை. மினசோட்டாவில் 67 செனட்டர்களும் ஒரே நாளில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பத்தாண்டுக்குள் பதவிக்காலங்கள் இரண்டு, நான்கு, நான்கு ஆண்டுகள் என்று அமைவதால் புதிய வரைபடம் வந்தவுடன் அனைவரும் மக்களைச் சந்தித்தாக வேண்டும். டெக்சஸில் மறுவரையறைக்குப் பிந்தைய முதல் தேர்தலில் 31 இடங்களும் நிரப்பப்பட்டு, யாருக்கு இரண்டு ஆண்டு, யாருக்கு நான்கு ஆண்டு என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகிறது.

விஸ்கான்சின் வரைபடம் 2024 இல் ஏன் மறுபடியும் மாறியது? அந்த மாநில அரசமைப்பு, தொகுதி நிலம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது. நகரங்களோ பக்கத்து ஊரக நிலத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தம்மோடு இணைத்துக்கொண்டே வளர்ந்தன. இணையாமல் எஞ்சிய ஊரகத் துண்டுகள் நகர நிலத்தால் நாற்புறமும் சூழப்பட்டுத் தீவுகளாயின. வரைந்தவர்கள் அந்தத் தீவுகளை அவற்றின் தாய் ஊரோடு ஒரே தொகுதியில் வைத்தார்கள். மேடிசன் நகரையொட்டிய 47 ஆம் அசெம்பிளி தொகுதி இதற்குக் கண்கூடான உதாரணம். அப்படிப்பட்ட தீவில் வசிப்பவர் தம் தொகுதியின் பெரும்பகுதிக்குப் போக வேண்டுமானால், வீட்டு வாசலைத் தாண்டியதும் இன்னொரு தொகுதியைக் கடந்துதான் போயாக வேண்டும். 99 அசெம்பிளி தொகுதிகளில் குறைந்தது 50, 33 செனட் தொகுதிகளில் குறைந்தது 20 இப்படித் துண்டுபட்டிருந்தன. 2023 டிசம்பர் 22 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் அந்த வரைபடத்தைத் தடை செய்தது. 2024 பிப்ரவரி 19 அன்று ஆளுநர் டோனி எவர்ஸ் புதிய வரைபடத்துக்குக் கையெழுத்திட்டார்.

கோடு மாறினால் முடிவு எவ்வளவு மாறும் என்பதற்கு அடுத்தடுத்த இரண்டு தேர்தல்கள் சாட்சி. 2022 ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் எவர்ஸ் 51 விழுக்காட்டுக்குச் சற்று மேலான வாக்குகளோடு வென்றார். அதே நாள் தேர்தலுக்குப் பின் செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 22 இடங்களும் ஜனநாயகக் கட்சிக்கு 11 இடங்களும் இருந்தன. ஒரு கட்சியின் ஆதரவாளர்களைச் சில தொகுதிகளில் நெருக்கி அடைத்து, மற்றவர்களைப் பல தொகுதிகளில் சிறுபான்மையாகச் சிதறவிட்டால் இப்படி ஆகும். முழுப் பழியையும் வரைந்தவர்மேல் போடுவது நியாயமாகாது. ஜனநாயகக் கட்சியினர் மில்வாக்கியிலும் மேடிசனிலும் செறிந்து வாழ்வதால், நேர்மையாக வரைந்தாலும் ஓரளவு சாய்வு இருக்கும். ஆனால் 2024 இல் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி மாநிலத்தை நூலிழையில் வென்றபோதும், புதிய கோடுகளின்கீழ் வாக்களித்த 16 செனட் தொகுதிகளில் 10 ஜனநாயகக் கட்சிக்குப் போயின. செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 18, ஜனநாயகக் கட்சிக்கு 15 என்று ஆனது.

எஞ்சிய 17 ஒற்றைப்படைத் தொகுதிகளின் செனட்டர்கள் 2022 இல் பழைய கோடுகளின்படி தேர்வானவர்கள். புதிய கோடுகளின்கீழ் அந்த 17 இடங்களுக்கும் பொதுத் தேர்தல் நாள் 2026 நவம்பர் 3.