புத்தளம் பாத்தியில் 25 டிகிரி

நாகர்கோவிலிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "100 கிராம் தண்ணீரில் 10 கிராம் உப்பைக் கரைத்தால் நிறை சதவீதம் 10 தானே? ஏன் தப்பு என்கிறார்கள்?"

தப்புதான். கரைபொருளின் நிறையை வகுக்க வேண்டியது கரைசலின் நிறையால், தண்ணீரின் நிறையால் அல்ல. 10-ஐ 110-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 9.09. சரியாக 10 வேண்டுமென்றால் தண்ணீர் 90 கிராம்தான் எடுக்க வேண்டும்.

சரி, இனி குமரி மாவட்டத்து மணக்குடிப் பக்கம் புத்தளம் உப்பளத்துக்கு வாருங்கள். கடல்நீரில் உப்புகள் ஏறத்தாழ 3.5 சதவீதம், 1000 கிலோவில் 35 கிலோ. வெயிலும் காற்றும் தண்ணீரை மட்டுமே கொண்டுபோகின்றன. 35 கிலோ அப்படியே கிடக்க, வகுக்கும் எண் தேய்ந்துகொண்டே வருகிறது. 7 சதவீதம் ஆக 500 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். அதிலிருந்து 14 ஆக 250 கிலோ போதும். 14-லிருந்து 25-ஐத் தொட வெறும் 110 கிலோ! முதல் மூன்றரைக்கு ஐந்நூறு, கடைசிப் பதினொன்றுக்கு நூற்றுப்பத்து. (வழியில் அந்த உப்புகளில் ஒன்றான ஜிப்சம் கொஞ்சம் படிந்துவிடும், அதனால் கணக்கு லேசாகப் பிசகும்.)

உப்பளத்தில் "தண்ணி எத்தனை டிகிரி?" என்று கேட்டால் அது சூடு பற்றிய கேள்வி அல்ல. அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்க்கும் அளவு அது. கரைசல் அடர அடரக் குழாய் மேலே எழும்பும். 1768-இல் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர், தூய நீரில் அது நின்ற இடத்தை 0 என்றும், 15 சதவீத உப்புக் கரைசலில் நின்ற இடத்தை 15 என்றும் குறித்தார். ஆக, அந்த டிகிரியே ஏறக்குறைய நிறை சதவீதம்தான்! 25 வாக்கில் உப்பு விழத் தொடங்கும். 30-ஐ நெருங்கினால் மெக்னீசிய உப்புகள் மிகுந்து கசக்கும். அந்த நீரை வடித்துவிடுவார்கள்.

இவ்வளவு எளிய கருவியைக் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் கரும்பலகையிலேயே சதவீதம் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று. திருஷ்டி கழித்த உப்பு தம்ளரில் கரையாமல் நின்றால் கண்ணேறு பலம் என்பார் என் பெரியம்மா. ஒருமுறை எடைபோட்டுப் பார்த்தேன். 100 கிராம் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு போட்டிருந்தார். சுமார் 36 கிராமுக்கு மேல் கரையாது. 36-ஐ 136-ஆல் வகுத்தால் 26 சதவீதம் சொச்சம். பாத்தியில் 25 வாக்கில் உப்பு விழத் தொடங்குவதும் ஏறக்குறைய இதே எல்லையில்தான்.