கடைக் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது, பேக்கப் எங்கே இருக்கிறது?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு சின்ன மொத்த வியாபாரக் கடையில்கூட கம்ப்யூட்டர் பில்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னுக்கான கணக்கைச் சட்டென்று எடுத்துவிடலாம். யார் அறுபது நாளாகப் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டு பட்டன் தட்டினால் தெரிகிறது. ஆனால் பேரேட்டை எலி கடித்தால் நாலு பக்கம் போகும். ஹார்ட் டிஸ்க் போனால் ஐந்து வருடக் கணக்கும் ஒரே நாளில் போகும். சட்டமோ அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது.

"பேக்கப் இருக்கா?" என்று கேட்டால், "டி டிரைவ்ல இருக்கு சார்" என்பார்கள். பெரும்பாலான கடைகளில் சி டிரைவும் டி டிரைவும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் போச்சு. இன்னொரு வழக்கம், பென் டிரைவை வருடக்கணக்கில் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருப்பது. ஃபைல்களைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தால் கண்ணில் படும் எல்லா டிரைவையும் பூட்டும். சொருகியிருக்கும் பென் டிரைவையும் விடாது. கூகுள் டிரைவோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டர் இருந்தால், பூட்டப்பட்ட ஃபைல்தான் அங்கேயும் ஏறும். பழைய பதிப்பை மீட்க வழி உண்டு, ஆனால் வழக்கமாக 30 நாள் வரைதான். தாமதமாகக் கவனித்தால் அதுவும் கிடையாது.

ரேன்சம்வேர் எப்படி உள்ளே வருகிறது? காசு கொடுக்காமல் கிராக் செய்த திருட்டு சாப்ட்வேர், "இன்வாய்ஸ்" என்ற பெயரில் மெயிலில் வரும் இணைப்பு, வீட்டிலிருந்து பில் பார்ப்பதற்காகத் திறந்துவிட்ட ரிமோட் டெஸ்க்டாப். மூன்றாவதுதான் மோசம். ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து, பாஸ்வேர்ட் 12345 என்று வைத்தால், ஆள் தேடி வர வேண்டியதில்லை. புரோகிராமே தேடி வந்துவிடும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அப்டேட் போடாதவர்கள் மாட்டினார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். கடைக் கணக்குக்கு 1 டிபியே தாராளம். ஒன்று ஒற்றைப்படைத் தேதிக்கு, மற்றது இரட்டைப்படைத் தேதிக்கு. பேக்கப் முடிந்ததும் கழற்றி, ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். கடையில் தீயோ வெள்ளமோ வந்தாலும் வீட்டில் ஒன்று இருக்கும். ஒரே பெயரில் மேலெழுதாமல் 2025-06-14 மாதிரி தேதி போட்டு ஃபோல்டர் வையுங்கள். கெட்டுப்போன டேட்டா நல்ல காப்பியை அழித்துவிடும் என்பதை ஒரே பெயரில் மேலெழுதி மாட்டிய பிறகுதான் பலர் உணர்கிறார்கள்.

கணக்கு சாப்ட்வேரான டேலி பிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தினால் பேக்கப், ரீஸ்டோர் இரண்டும் வரும். மாதம் ஒருமுறை ரீஸ்டோர் செய்து பாருங்கள், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டருக்குள் வேண்டாம், நேற்றைய பேக்கப் இன்றைய கணக்கை மேலெழுதிவிடும். தனி ஃபோல்டர், முடிந்தால் தனி கம்ப்யூட்டர். திறந்ததும் கடைசி பில் நம்பர், ரொக்க இருப்பு, ஒரு பொருளின் ஸ்டாக் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். இதைச் செய்யாத பேக்கப்பை நான் பேக்கப்பாகவே எண்ணுவதில்லை.

பில் சேமிக்கும் நொடியில் கரண்ட் போனால் டேட்டா ஃபைல் பாதியில் நின்று கெட்டுப்போகலாம். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் இறங்கிவிடும். பச்சை விளக்கு எரிவதை நம்பாதீர்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது, சூடாகும்போது அது இழுக்கும் கரண்டை சின்ன யுபிஎஸ் தாங்காது.

ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் உடனே ஆஃப் செய்யுங்கள். அதன்மேல் டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக் டிஸ்க் ஓட்டினால் மிச்சமும் போகலாம். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வேகமானது, ஆனால் போகும்போது பெரும்பாலும் சத்தமே போடாது. அழித்த ஃபைலையும் அதிலிருந்து மீட்பது கடினம்.

ஃபைல் பெயர்கள் திடீரென மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பு வந்தால் நெட் கேபிளைப் பிடுங்கி வைஃபையையும் அணையுங்கள். உடனே ஃபார்மட் அடிக்கச் சொல்பவரைத் தள்ளி நிறுத்துங்கள். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் டச்சு போலீஸும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. பூட்டிய ஃபைல்கள் கையில் இருந்தால்தான் அது பயன்படும். புகாருக்கு சைபர் குற்ற உதவி எண் 1930.