ஈதர்நெட் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்கு யார் சொல்வது?

ராஸ்பெரி பை 3, ராஸ்பெரி பை 4 என்ற இரண்டு சின்னக் கணினிப் போர்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெட்வொர்க் கேபிள் செருகும் இடம் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே கதை வேறு. பை 3 வரை ஈதர்நெட் என்பது போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட ஒரு யூஎஸ்பி சாதனம். பூட் ஆகும்போது கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, யூஎஸ்பி வழியாக விசாரிக்கும், அந்தச் சிப் தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் சொல்லும், பொருத்தமான டிரைவர் (அந்தச் சாதனத்தை இயக்கும் நிரல்) வந்து ஒட்டிக்கொள்ளும். 2019-இல் வந்த பை 4-இல் ஈதர்நெட் கட்டுப்பாட்டுப் பகுதி பிராட்காமின் பிசிஎம்2711 சிப்புக்குள்ளேயே போய்விட்டது. வேகம் கூடியது. ஆனால் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனது.

சிப்புக்குள் இருக்கும் அந்தப் பகுதி, நினைவக முகவரிகளுக்கு நடுவே எங்கோ ஓரிடத்தில் சில ரெஜிஸ்டர்களாக (கெர்னல் படித்து எழுதும் சின்னச் சேமிப்பிடங்களாக) உட்கார்ந்திருக்கிறது. எந்த முகவரியில் என்று கெர்னலுக்குத் தெரியாது. தடவித் தேடவும் முடியாது. தப்பான முகவரியைத் தொட்டால் சில சிப்களில் மொத்த சிஸ்டமும் உறைந்துவிடும். ஆக, யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

முன்பெல்லாம் இதைக் கெர்னலுக்குள்ளேயே சி நிரலாக எழுதினார்கள். ஏஆர்எம் வகைச் சிப் (பையில் இருப்பதும் அதுதான்) போட்ட ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு தனிக் கோப்பு. போர்டுகள் பெருகப் பெருக இந்தக் கோப்புகளும் குவிந்தன. 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குழப்பத்தைப் பார்த்து வெளிப்படையாகவே எரிந்து விழுந்தார். அதற்கப்புறம் ஏஆர்எம் உலகம் வேகமாக டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் வர்ணனையின் பக்கம் நகர்ந்தது. இது புதுச் சரக்கு இல்லை. சன் கணினிகளின் ஓப்பன் ஃபர்ம்வேரில் பிறந்து, 1994-இல் ஐட்ரிப்பிள்ஈ 1275 என்ற தரமாக வெளிவந்து, பவர்பிசி சிப்களுக்கான லினக்ஸில் ஏற்கெனவே புழங்கிவந்த ஏற்பாடுதான்.

டிவைஸ் ட்ரீயில் நிரல் எதுவும் கிடையாது. எந்த முகவரியில் என்ன இருக்கிறது, எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற வர்ணனை மட்டும்தான். எழுதுவது சாதாரண எழுத்துக் கோப்பு. அதை டிடிசி என்ற கருவி சின்ன பைனரியாக, அதாவது டிடிபி கோப்பாக, மாற்றும். கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் அதை நினைவகத்தில் வைத்து, இருக்கும் முகவரியைக் கெர்னலிடம் கொடுத்துவிடும்.

பை 4-இன் ஈதர்நெட் வர்ணனை இரண்டு கோப்புகளில் பிரிந்திருக்கிறது. சிப்புக்கான கோப்பில் ரெஜிஸ்டர் முகவரி, இரண்டு இன்டரப்ட் (சாதனம் கெர்னலைக் கூப்பிடும் சிக்னல்) எண்கள், எந்த டிரைவர் பொருந்தும் என்று காட்டும் 'கம்பேட்டிபிள்' வரி ஆகியவை இருக்கும். அங்கே அதன் நிலை 'டிஸேபிள்ட்' என்றுதான் எழுதியிருக்கும். சிப் இருப்பதாலேயே போர்டில் கேபிள் செருகும் இடம் இருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா? போர்டுக்கான கோப்பு அதை 'ஓகே' என்று மாற்றி, இரண்டு தகவல்களைச் சேர்க்கிறது: ஃபை (கேபிள் பக்கத்தைக் கவனிக்கும் பகுதி) எங்கே, அதோடு எப்படிப் பேசுவது.

ஈதர்நெட் என்பது ஒரே சிப் வேலை இல்லை. பாக்கெட்டைக் கட்டிப் பிரிப்பது மேக். அது முதன்மைச் சிப்புக்குள் இருக்கிறது. கேபிளில் ஓடும் மின்னலைகளைக் கவனிப்பது ஃபை. அது பெரும்பாலும் தனிச் சிப். இரண்டுக்கும் நடுவே எம்டிஐஓ என்ற இரண்டு கம்பிப் பாதை உண்டு. அதில் ஃபையின் முகவரி 5 பிட், ஆக 32 ஃபைகள் வரை தொங்கலாம். 2, 3 எண் ரெஜிஸ்டர்களைப் படித்தால் ஃபை தன் அடையாள எண்ணைச் சொல்லிவிடும். பை 4-இல் ஃபையின் முகவரி 1. இன்டரப்ட் கம்பி இணைக்கப்படவில்லை என்று கோப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அதனால் கேபிள் செருகியிருக்கிறதா, பிடுங்கிவிட்டார்களா என்று கெர்னல் நொடிக்கொரு தடவை ஃபையிடம் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

ஃபை இன்னும் ரீசெட் நிலையிலேயே கிடந்தால், படிக்கும்போது எல்லா பிட்டும் 1 என்றே வரும்; 'இங்கே ஃபை இல்லை' என்று கெர்னல் முடிவுகட்டிவிடும். ரீசெட் கம்பியையும் டிவைஸ் ட்ரீயில் எழுதுவது இதற்காகத்தான்.

சரி, இப்போது வில்லங்கமான வரிக்கு வருவோம்: மேக்கும் ஃபையும் எப்படிப் பேசும் என்று சொல்லும் 'ஃபை-மோட்'.

ஜிகாபிட் வேகத்தில் மேக்கும் ஃபையும் பேச அதிகம் பயன்படுவது ஆர்ஜிஎம்ஐஐ. ஒவ்வொரு திசைக்கும் நான்கு தரவுக் கம்பி, ஒரு கட்டுப்பாட்டுக் கம்பி, ஒரு கிளாக் (தரவை எப்போது படிப்பது என்று காட்டும் துடிப்பு). கிளாக் 125 மெகாஹெர்ட்ஸ். அது ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை தரவு மாறும். அதாவது ஒரு மதிப்பு 4 நானோநொடிதான் கம்பியில் நிற்கும். கிளாக்கும் தரவும் ஒரே கணத்தில் மாறினால், எதிரே இருக்கும் சிப் மாறிக்கொண்டிருக்கும் மதிப்பைப் படித்துக் குழம்பும். ஆள் நகரும்போது எடுத்த போட்டோ கலங்கி வருவது மாதிரி. கிளாக்கைச் சுமார் 2 நானோநொடி தள்ளிவைத்தால் தரவு நடுவில் நிலையாக இருக்கும்போது படிக்கலாம்.

அந்தத் தாமதத்தை யார் கொடுப்பது? போர்டிலேயே கொடுக்கலாம். ஆனால் சர்க்யூட் போர்டில் சிக்னல் ஒரு நானோநொடிக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் ஓடும்; 2 நானோநொடிக்கு 30 சென்டிமீட்டர் கூடுதல் பாதையைக் கைக்கடக்கமான போர்டில் வளைத்து வளைத்து இழுக்க வேண்டும். பெரும்பாலோர் இந்த வேலையைச் சிப்பிடமே விட்டுவிடுகிறார்கள். 'ஃபை-மோட்' வரியில் வெறும் 'ஆர்ஜிஎம்ஐஐ' என்று எழுதினால் தாமதம் போர்டிலேயே இருக்கிறது என்று பொருள். '-ஐடி' சேர்த்தால் இரு திசைக்கும் சிப் கொடுக்க வேண்டும். பை 4-இல் எழுதியிருப்பது '-ஆர்எக்ஸ்ஐடி', பெறும் திசைக்கு மட்டும்.

இதைத் தப்பாக எழுதியும் வேலை செய்த போர்டுகள் ஏராளம். ரியல்டெக்கின் ஆர்டிஎல்8211இ ஃபையில் தாமதத்தை இரண்டு பின்களில் ரெசிஸ்டர் வைத்தே முடுக்கிவிடலாம். கியூபிட்ரக், ஆரஞ்சு பை பிளஸ் 2இ, பனானா பை எம்2 பிளஸ் போன்ற ஆல்வின்னர் சிப் போட்ட போர்டுகளில் இந்த ஃபை இருந்தது. டிவைஸ் ட்ரீயில் வெறும் 'ஆர்ஜிஎம்ஐஐ' என்று எழுதியிருந்தார்கள். லினக்ஸ் டிரைவரில் தாமதத்தை மாற்றும் நிரலும் இருந்தது, ஆனால் அது தப்பான பிட்களை எழுதிக்கொண்டிருந்தது. ஆக, ரெசிஸ்டர் சொன்னதே நடந்தது, நெட்வொர்க் ஓடியது. 2020-இல் ஒருவர் அந்தப் பிட்களைச் சரிசெய்தார். டிரைவர் முதல்முறையாக டிவைஸ் ட்ரீ சொன்னபடி நடந்து தாமதத்தை அணைத்தது. போர்டுகளில் நெட்வொர்க் படுத்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் டிரைவர் மேல் குற்றம் இல்லை, ஆனால் கெர்னலைப் புதுப்பித்தவருக்கு அந்த நியாயத்தால் என்ன பயன்? டிவைஸ் ட்ரீ கோப்புகளை வரிசையாக '-ஐடி' என்று திருத்தினார்கள். கெர்னலை மட்டும் புதிதாகப் போட்டுப் பழைய டிடிபி கோப்பை வைத்திருந்தவர்களுக்கு அதுவும் உதவாது.

இந்தக் கோளாறில் ஆளைக் குழப்புவது, லிங்க் விளக்கு ஒழுங்காக எரிவதுதான். லிங்க் என்பது ஃபைக்கும் கேபிளின் மறுமுனைக்கும் நடக்கும் பேச்சு. மேக் பக்கத்துத் தாமதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விளக்கு எரியும், ஐபி முகவரி மட்டும் வராது. அப்போது ஈத்டூல் என்ற லினக்ஸ் கட்டளை கொடுக்கும் கணக்கைப் பார்க்கலாம். பெறும் திசை தப்பு என்றால் நம் போர்டிலேயே சிஆர்சி பிழைகள் (பாக்கெட் கெட்டுப்போய் வந்ததற்கான கணக்கு) ஏறும். அனுப்பும் திசை தப்பு என்றால் நம் கணக்கு சுத்தமாக இருக்கும்; பாக்கெட்டைத் தூக்கிப்போடுவது எதிரே இருக்கும் சுவிட்ச், பிழை எண்ணிக்கையும் அங்கேதான் ஏறும்.