வைஃபை இல்லாத ஊரும் கடலுக்கடியில் ஒரு கயிறும்

நி-ஓலசுன் ஊருக்குள் நுழைகிறவர்கள் கைபேசியில் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிட வேண்டும். கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அங்குள்ள ஆண்டெனாக்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. முணுமுணுப்பைக் கேட்பவர் காதருகே தவில் அடித்தால் எப்படி? அதுதான் கைபேசி.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், 79 பாகை வடக்கே இருக்கும் குட்டி ஊர் இது. முன்பு நிலக்கரிச் சுரங்கம். 1962இல் 21 பேர் இறந்த விபத்துக்குப் பின் அதை மூடிவிட்டார்கள். இப்போது நிலக்கரி போய், ஆய்வுக்கூடங்கள் வந்துவிட்டன. ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், சீனா எனப் பல நாடுகள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருக்கின்றன. இந்தியாவின் ஹிமாத்ரி 2008இல் வந்தது.

ஊரை ஒட்டிய கடற்கழி கோங்ஸ்ஃபியோர்டன். ஒரு முனையில் பனியாறுகள் உருகி நன்னீர் இறங்குகிறது. மறுமுனையில் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான உப்புநீர் உள்ளே வருகிறது. நன்னீர் லேசானது, மேலே நிற்கும். உப்புநீர் கீழே போகும். எது எப்போது எவ்வளவு வந்தது என்பதுதான் கேள்வி. 2006 குளிர்காலத்தில் அட்லாண்டிக் நீர் பெருமளவில் புகுந்தது. அதன்பின் அங்கே கடற்பனி முன்போல உறைவதில்லை.

சரி, மாதக்கணக்கில் சூரியனே எழாத குளிர்காலத்தில் இதை யார் போய் அளப்பது? அதற்காக 2014இல் ஒரு கயிற்றை இறக்கினார்கள். பெயர் இண்ட்ஆர்க். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ ஆய்வு மையமும் சேர்ந்து செய்தது. கடலில் இறக்கியபோது நார்வே துருவ நிறுவனம் கைகொடுத்தது.

அமைப்பு எளிது. சுமார் 192 மீட்டர் ஆழத்தில், தரையில் ஒரு கனத்த எடை. அதிலிருந்து மேல்நோக்கி ஒரு கயிறு. மிதவைகள் அதை விறைப்பாகப் பிடித்துக்கொள்கின்றன. வழியெங்கும் வெவ்வேறு ஆழங்களில் வெப்பம், உப்பு, நீரோட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள். மேல் மிதவையும் நீருக்குள்ளேயே இருக்கும். வெளியே தலைகாட்டினால் மிதந்துவரும் பனிக்கட்டி அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

கடல்நீரை ரேடியோ அலை தாண்டாது. ஆகவே அளவுகளை உடனுக்குடன் அனுப்ப முடியாது. கருவிகளே நினைவில் வைத்துக்கொள்கின்றன. அவற்றை எடுக்கக் கப்பல் திரும்பிப் போய், நீருக்குள் ஒரு ஒலிச் சங்கேதம் அனுப்பும். எடைக்கு மேலே உள்ள கொக்கி அதைக் கேட்டுத் திறந்துகொள்ளும். எடை தரையிலேயே கிடக்க, மற்றதெல்லாம் மேலே மிதந்து வரும். பேட்டரி மாற்றி மறுபடி இறக்கிவிடலாம். கொக்கி மக்கர் செய்தால்? அதற்குத்தான் இப்படிப்பட்ட கயிறுகளில் பெரும்பாலும் இரண்டு கொக்கிகளை அக்கம்பக்கமாக வைப்பார்கள். ஒன்று திறந்தாலே போதும்.