பக்கவாட்டில் ஓர் அடி: இறுகிய ஸ்டீரிங் ஜாயிண்ட் எப்படிக் கழல்கிறது?

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் லாரி ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, பழைய லாரியில டை ராடு கழட்ட நட்டை எடுத்துட்டு பின்னோட நுனியில எவ்வளவு அடிச்சும் அசையல. எங்க போர்மேன் வந்து பக்கவாட்டுல ரெண்டு அடி போட்டாரு, படக்குனு விழுந்துடுச்சு. எப்படி?" அன்று காலை சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்ததால்தான் கழன்றது என்று கூட இருந்த ஒருவர் சொன்னாராம்.

டை ராடு, டிராக் லிங்க் இரண்டும் ஸ்டீரிங் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுகள். இவற்றின் முனையில் இருக்கும் பின் என்கிற ஆணி உருளை அல்ல, கூம்பு. கனரக வண்டிகளில் பெரும்பாலும் 8 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் குறைகிற மாதிரி கடைந்திருப்பார்கள். அது நுழையும் ஸ்டீரிங் ஆர்மிலும் (சக்கரத்தைத் திருப்பும் கை) அதே சரிவில் துளை. நட்டை இறுக்கினால் கூம்பு துளைக்குள் ஏறி, துளையின் சுவர் கொஞ்சம் விரிந்து, பின்னை நாலாபக்கமும் நெருக்கிப் பிடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த நெருக்கல் கூம்பைப் பிடித்து வைக்கவில்லை, எந்நேரமும் வெளியேதான் தள்ளிக்கொண்டிருக்கிறது! சரிவு இருப்பதால் 100 கிலோ நெருக்கலுக்கு சுமார் 6 கிலோ வெளித்தள்ளும் விசையாகிறது. தடுப்பது உராய்வு மட்டுமே. எஃகின் மேல் எஃகுக்கு உராய்வுக் குணகம் சுமார் 0.15 என்று வைத்தால், அதே 100 கிலோவுக்கு உராய்வு 15 கிலோ வரை தாங்கும். தள்ளுவது 6, தாங்குவது 15, அதனால்தான் நட்டே இல்லாவிட்டாலும் பின் விழுவதில்லை. டிரில்லிங் மெஷினில் கூம்பு முனையுள்ள டிரில் பிட் நிற்பதும் இதே கணக்கில்தான்.

இப்போது பின் சொருகியிருக்கும் கண்ணின் (துளையைச் சுற்றியிருக்கும் ஆர்ம் முனை) பக்கவாட்டில் சம்மட்டியால் அடியுங்கள், எதிர்ப்பக்கம் இன்னொரு கனமான சம்மட்டியை முட்டுக் கொடுத்து. வட்டமான அந்தக் கண் கண்ணிமைக்கும் நேரத்திலும் சிறிய பங்கில் நீள்வட்டமாகி மறுபடி வட்டமாகிறது. அந்த நொடித்துளியில் சில பக்கங்களில் நெருக்கல் தளர்கிறது, நெருக்கல் போனால் உராய்வும் போகிறது. இத்தனை வருடமாக உலோகத்துக்குள் அடைபட்டிருந்த விசை பின்னை வெளியே தள்ளிவிடுகிறது. அதாவது போர்மேனின் அடி பின்னைத் தள்ளவே இல்லை, பிடித்திருந்ததை விலக்கியது, அவ்வளவுதான். புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு முதலில் இழுவிசை கொடுத்துவிட்டு அடித்தால் இன்னும் சுலபம். நட்டை மட்டும் முழுவதும் எடுத்துவிடாதீர்கள், சில மரையில் நிற்கட்டும், இல்லாவிட்டால் கனமான ராடு காலில் விழும்.

நுனியில் அடித்தால்? மரை நசுங்கும், ஜாயிண்டுக்குள் இருக்கும் பந்து அடியை வாங்கிக்கொள்ளும்.

துருவும் சேர்ந்துகொள்கிறது. இரும்பு துருவாகும்போது தான் இருந்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும், இடமில்லாத இடுக்கில் அது கூடுதல் நெருக்கல். இங்கே சரக்கு லாரிக்கு 20 வருட ஆயுள் வரம்பு உண்டு, அத்தனை வருட மழையும் ஈரக்காற்றும் போதும். நல்லவேளை, துரு நொறுங்கும் பொருள், அடியின் அதிர்வில் விரிசல் விடும்.

தீ காட்டலாமா? 30 மி.மீ. துளையை 200 டிகிரி சூடேற்றினால் 0.07 மி.மீ. விரியும், கூம்பின் சரிவால் அது பின்னின் நீளவாக்கில் அரை மி.மீ.க்கு மேல் தளர்வு. கணக்கு அழகுதான், ஆனால் வேண்டாம். ஸ்டீரிங் ஆர்ம் பதப்படுத்திய எஃகு, அதிகம் சூடானால் பதம் போய்விடும், பிறகு ஓடும் வண்டியில் உடையலாம். ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டில் மாட்டியிருக்கும் பிட்மேன் ஆர்மைப் பொறுத்தவரை அந்த ஷாஃப்டை அடிக்கவே கூடாது, உள்ளே பேரிங் கெடும். அதற்கு புல்லர்தான்.

எலுமிச்சம்பழம் வைப்பவர் மனநிறைவுக்கு வைக்கட்டும். ஆனால் போர்மேனின் கைக்கு வரவேண்டிய பெயர் பழத்துக்குப் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரெஞ்சு விஞ்ஞானி கூலோம் 1785-ல் உராய்வு விதிகளை எழுதியும், இன்றும் ஒரு ஜோடி உலோகத்துக்கு அந்தக் குணகத்தை அளந்துதான் பார்க்கவேண்டியிருக்கிறது. 1966-ல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் குழு, உராய்வாலும் தேய்மானத்தாலும் எவ்வளவு பணம் வீணாகிறது என்று அரசுக்குக் கணக்குக் காட்டிய பிறகுதான் இது தனித் துறையாக எழுந்தது. துருவுக்கும் உராய்வுக்கும் இன்னும் தாராளமாக ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தம்பி, திரும்ப மாட்டும்போது கூம்பையும் துளையையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்துவிடுங்கள். நட்டை சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் பூட்டும் வளைக்கும் கம்பி) ஓட்டை நேராக வரவில்லையென்றால் பின்னோக்கித் தளர்த்தாமல், அடுத்த ஓட்டை வரை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் புதிதாக இருக்கட்டும்.