கவனக்குறைவா, கவனம் தரியாமையா?

தங்கை மகனுக்கு ஐந்து வயது. ஏடிஎச்டி என்று டாக்டர் சொல்லிவிட்டார்: கவனம் ஓரிடத்தில் நிற்காது, கை கால் சும்மா இருக்காது, பொறுமை இருக்காது. "அப்பாவும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம்" என்று சேர்த்துச் சொல்லி, தமிழில் அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்தனுப்பினார்கள். தலைப்பு: 'கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு'. மாப்பிள்ளை அதை என்னிடம் நீட்டினார். "நான் ஒழுங்கா கவனிக்காததாலதான் இவனுக்கு வந்துச்சுன்னு போட்டிருக்கான், பாருங்க மச்சான்."

அப்படிப் போடவில்லை. ஆனால் தமிழில் அது அப்படித்தான் படிக்கும். 'ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து', 'பெற்றோரின் கவனக்குறைவால் குழந்தை தொட்டியில் விழுந்தது' என்று தினமும் பேப்பரில் பார்க்கிறோம். கவனக்குறைவு என்பது குற்றம் சாட்டும் சொல். அதையே ஒரு கோளாறுக்குப் பெயராக வைத்து, தகப்பன் கையில் கொடுத்தால் வேறென்ன நினைப்பார்?

உண்மை நேரெதிர். ஏடிஎச்டி பெரும்பாலும் குடும்பவழி வருவது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 70 முதல் 80 சதவீதம் மரபைச் சார்ந்தது என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். மகனுக்குத் தெரியவந்த பிறகே தன் சிறுவயது இன்னதென்று புரிந்துகொள்ளும் அப்பாக்கள் நிறைய.

சொல் வரலாறு சுருக்கமாக. 'கவனம்' வடமொழி 'கமனம்' வழி வந்தது என்பார்கள். கன்னடத்தில் இன்றும் 'கமன'தான், தெலுங்கில் 'கமனிஞ்சு'. தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்துக்கொள்ளவும், என் வழக்கு அதுவல்ல. இனி ஏடிஎச்டி. அமெரிக்க மனநலக் கையேடு 1968இல் அதைக் குழந்தைகளின் மிகையியக்கமாகப் பார்த்தது. 1980இல் கவனம் முன்னால் வந்தது. 1987இல் இன்றைய பெயர்: 'அட்டென்ஷன் டெஃபிசிட் ஹைபராக்டிவிட்டி டிஸார்டர்', சுருக்கமாக ஏடிஎச்டி. அதிலுள்ள 'டெஃபிசிட்', பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்போமே, அது. பற்றாக்குறை. அதை 'குறைவு' ஆக்கியவர், 'கவனக்குறைவு' என்று ஏற்கெனவே ஒரு சொல் தெருவில் திரிவதை யோசிக்கவே இல்லை.

பற்றாக்குறையும் முழுச் சரியில்லை. மாப்பிள்ளை மிக்சியைப் பிரித்துப் போட்டால் நான்கு மணி நேரம் சோறு தண்ணி கேட்கமாட்டார். அதே ஆள் காலையில் பையனின் டிபன் பாக்ஸைக் கட்டி, ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, வெறும் பையோடு பள்ளி வேனில் ஏற்றிவிடுவார். கவனம் இருக்கிறது, வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. 'கவனச்சிதறல்' என்று சிலர் எழுதுகிறார்கள். பரவாயில்லை, ஆனால் போன் அடித்தால் எனக்கும் கவனம் சிதறும். அது ஒரு நேரத்து நிகழ்ச்சி, இது ஒருவரின் இயல்பு.

எங்கள் ஆச்சி 'ஓரிடத்தில் தரிக்கமாட்டான்' என்பாள். இலங்கையில் பேருந்து நிற்குமிடம் இன்றும் 'தரிப்பிடம்'. ஆகவே 'கவனம் தரியாமை' என்கிறேன். தரியாமைக்குப் பொறுக்கமாட்டாமை என்றும் பொருள் உண்டே என்றால், வரிசையில் நிற்கமாட்டாத பிள்ளைக்கு அதுவும் பொருந்துகிறது.

'மிகைச் செயல்பாடு' தைராய்டு சுரப்பிக்குச் சொல்லலாம். பிள்ளைக்குத் 'துறுதுறுப்பு' இருக்கிறது. 'மிகைத் துறுதுறுப்பு' என்றால் யாருக்கும் புரியும். இதைவிடக் கொடுமை, கேள்வி முடியுமுன் பதிலைக் கொட்டும் குணத்துக்கு 'மனக்கிளர்ச்சி' என்று எழுதுவது. கவிதை வாசித்தால் வருவது மனக்கிளர்ச்சி. இதற்கு முந்திரிக்கொட்டைத்தனம், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வாய் நிறையச் சொல் வைத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கும் நேரத்தில் பாதியை வீட்டுப் பெரியவர்களிடம் பேசச் செலவிட்டால் தேவலை.

இது வெறும் சொல் தகராறு இல்லை. இவ்வளவு சிறு வயதில் மருந்துக்கு முன் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் பரிந்துரைக்கிறார்கள்: நாளுக்கு நாள் மாறாத விதி, உடனே பாராட்டு, நாள் தவறாத ஒழுங்கு. தரியாத கவனம் உள்ள அப்பாவுக்கு அதுவே மலை. நேற்று போட்ட விதி இன்று மறந்திருக்கும், நாளை அதற்கே சத்தம் போடுவார், பையன் எதுவரை போகலாம் என்று தினமும் சோதித்துப் பார்ப்பான். இதில் அவருக்கு வேண்டியது சுவரில் ஒட்டிய அட்டவணை, போனில் அலாரம், தேவைப்பட்டால் அவருக்கே சிகிச்சை. அந்தத் தாளோ முதல் வரியிலேயே அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. மாப்பிள்ளை இன்னும் பரிசோதனைக்குப் போகவில்லை.

என் சொல் பிடிக்காவிட்டால் விடுங்கள். அடுத்த தடவை அச்சடிக்கும்போது வெறும் 'ஏடிஎச்டி' என்றாவது போடுங்கள்.