தேய்க்க வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள்

இந்த வாரமும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி. செங்கல் தூளும் உப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஈறெல்லாம் புண். பல்லில் இருந்த பழுப்புக் கறை மட்டும் அப்படியே இருக்கிறது. "ஒழுங்கா பல்லு விளக்க மாட்டேங்கிறா டாக்டர்" என்று என் எதிரிலேயே அம்மா திட்டுகிறார். தர்மபுரியில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அது அழுக்கு இல்லை அம்மா. சின்ன வயதில், ஈறுக்குள் பல் உருவாகும்போதே, குடிநீரில் கரைந்திருந்த ஃபுளோரைடு என்ற உப்பு, பல்லின் மேல் ஓடான எனாமலைக் கெடுத்துவிட்டது. பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. நம் பக்கத்துப் பாறையிலிருந்தே அது போர் தண்ணீரில் கரைந்து வருகிறது.

"கொதிக்க வெச்சுத்தானே குடிக்கிறோம்?" என்பார்கள். இதைக் கேட்டால்தான் எனக்கு மனசே ஆறாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு கிருமி இல்லையே, சாவதற்கு! ரசம் சுண்டினால் உப்பு கரிக்கும் அல்லவா, அதே கதைதான். தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு தங்கிவிடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள 2 லிட்டர் தண்ணீரை ஒன்றரை லிட்டராகக் காய்ச்சினால் அது லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகிவிடும். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. துணியில் வடிகட்டினாலும் போகாது, குளோரின் போட்டாலும் போகாது. "தண்ணி நல்ல ருசியா இருக்கே" என்பதும் சாட்சி ஆகாது. ஃபுளோரைடுக்கு நிறமோ மணமோ ருசியோ கிடையாது.

பல்லோடு இது நிற்பதும் இல்லை. பல வருடம் குடித்தால் எலும்பிலும் சேர்ந்து முதுகும் கழுத்தும் விறைத்துப்போகும். வாதம் என்று வலி மாத்திரையிலேயே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. மூட்டுவலி பார்க்கும் மருத்துவர்களே, எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வருகிறது. குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க இருக்கட்டும். அதைத்தான் குடித்தாக வேண்டும் என்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடைக் குறைக்கும், ஆனால் உள்ளே இருக்கும் வடிகட்டியைக் காலத்தில் மாற்ற வேண்டும். பாலும் மோரும் தாராளமாகக் கொடுங்கள். டீயிலும் பேஸ்டிலும்கூட ஃபுளோரைடு உண்டு, அதனால் சிறு பிள்ளைகளுக்கு டீ வேண்டாம். பேஸ்ட் பட்டாணி அளவு போதும், விழுங்க விடாதீர்கள்.

வந்த கறையை வீட்டில் தேய்த்து எடுக்க முடியாது. மேற்பூச்சு கொடுத்து மறைக்கலாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மட்டும் தயவுசெய்து இன்றைக்கே தண்ணீரை மாற்றுங்கள். பால் பவுடர் கரைக்கிற தண்ணீரும், கஞ்சி காய்ச்சுகிற தண்ணீரும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.